கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முகவரி நோட்டு

சின்னக் கடைக்கும் ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயரைத் தேடி வந்தவர்களின் முகவரியும் கைவசம் வேண்டும். குறைந்த செலவில் இரண்டையும் சேர்த்துக்கொள்வது எப்படி?

ஆடிப்பெருக்கு அன்றே சிவகாசியில் அடுத்த வருடம் பிறந்துவிடும். புது ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களுக்குப் பூஜை போட்டு அன்றைக்குத்தான் வெளியிடுவார்கள். அதன்பிறகு ஏஜென்ட்டுகள் அந்தக் கனத்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்புவார்கள். சாத்தூரில் இருந்த எங்கள் பாத்திரக்கடைக்கும் ஒருவர் தவறாமல் வருவார். அப்பா ஆல்பத்தை மடியில் வைத்துப் புரட்டி, முருகனா லட்சுமியா என்று வெகுநேரம் யோசித்து, தினசரி காலண்டருக்கு ஆர்டர் கொடுப்பார். கொடுத்துவிட்டு ஒவ்வொரு வருடமும் ஒரே பேச்சைத்தான் பேசுவார்: "கடைப் பேரு பெருசா வேண்டாம். ராகு காலம், எமகண்டம், முகூர்த்த நாள் எல்லாம் பளிச்சுன்னு தெரியணும்."

கடைப் பெயருக்காக எந்த வீட்டிலும் காலண்டரைச் சுவரில் மாட்டுவதில்லை. நல்ல நேரம் பார்க்க மாட்டுகிறார்கள். பால் கணக்கைக் குறித்துவைக்க மாட்டுகிறார்கள். தினமும் காலையில் தேதி கிழிக்கும்போது, கீழே அட்டையில் இருக்கும் கடைப் பெயரும் கூடவே கண்ணில் படுகிறது. 365 நாள் அப்படிப் பட்டபிறகு, மகளுக்குச் சீர்ப் பாத்திரம் வாங்க வேண்டும் என்ற பேச்சு வீட்டில் எழும்போது எந்தப் பெயர் முதலில் நாக்கில் வரும் என்பது அப்பாவுக்குத் தெரியும்.

இன்று பிராண்டிங் என்றும் ஈமெயில் மார்க்கெட்டிங் என்றும் சொல்லித் தரும் வகுப்புகள் ஊருக்கு ஊர் நடக்கின்றன. சிலவற்றில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே கேட்டவற்றில் பயனுள்ள பகுதி முழுவதும் அந்தக் காலண்டருக்குள் அடங்கிவிடுகிறது. மிச்சம் ஒன்று உண்டு. அது அப்பாவின் நோட்டில் இருந்தது.

பேர் வெட்டும் நோட்டு

பாத்திரக்கடையில் பேர் வெட்டுவது என்று ஒரு வேலை உண்டு. கல்யாணத்துக்கு மொய்யாகக் கொடுக்கும் குடத்தில், அண்டாவில், தூக்குவாளியில் கொடுப்பவர் பெயரையும் தேதியையும் உளியால் புள்ளி புள்ளியாகப் பொறித்துத் தருவார்கள். இனிஷியலில் ஓர் எழுத்து பிசகினாலும் கல்யாண வீட்டில் சண்டை வந்துவிடும். அதனால் வெட்டுவதற்கு முன்னால் ஒரு நீள நோட்டில் எழுதி, வாங்குபவரிடம் காட்டிச் சரிபார்ப்பார் அப்பா. பெயர், ஊர், தெரு, என்ன விசேஷம், எந்தப் பாத்திரம் எல்லாம் அதில் இருக்கும். பேர் வெட்டுவதற்காகத் தொடங்கிய நோட்டு, நாளடைவில் முகவரி நோட்டாகிவிட்டது.

எண்பதுகளில் அஞ்சலட்டை 15 காசு. ஐப்பசி பிறந்ததும் அப்பா ஒரு கட்டு அட்டை வாங்கிவைத்து, கடை சாத்தியபிறகு உட்கார்ந்து எழுதுவார். தள்ளுபடி பற்றி எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஈயம் பூசுகிறவர் வந்திருக்கிறார், கார்த்திகை முடியும்வரை கடை வாசலில் இருப்பார்; பழைய பித்தளையை எடைக்கு எடுத்துக்கொள்கிறோம்; நீங்கள் கேட்டிருந்த அளவில் குத்துவிளக்கு நாச்சியார்கோவிலில் இருந்து வந்துவிட்டது. இப்படித்தான் இருக்கும். வாங்கியவருக்கு வேண்டிய செய்தி ஒன்று, அடியில் கையெழுத்து.

அந்தக் கடையை இப்போது என் மதினி நடத்துகிறார். எவர்சில்வரும் அலுமினியமும் வந்து ஓரங்கட்டிய பித்தளைக்கும் ஈயச் சொம்புக்கும் இரும்புத் தோசைக்கல்லுக்கும் இப்போது நகரத்து வீடுகளில் மறுபடி மவுசு. சென்னை, பெங்களூரு என்று கூரியரில் அனுப்புகிறார். எல்லாம் ஒரு சமூக ஊடகப் பக்கத்தின் வழியே. நான்கு வருடத்தில் 11,000 பேர் அதைப் பின்தொடர்ந்தார்கள். போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு நாள் காலையில் பக்கம் திறக்கவில்லை. விதிமீறல் என்று ஒற்றை வரி. எந்த விதி, என்ன மீறல் என்று சொல்ல ஆள் இல்லை. 19 நாள் கழித்து, ஏன் மூடியது என்று தெரியாதது போலவே ஏன் திறந்தது என்றும் தெரியாமல் திறந்தது. அதற்குள் பண்டிகை முடிந்துவிட்டது.

"பதினோராயிரம் பேரு இருக்காங்கன்னு நெனச்சேன் தம்பி. ஒருத்தர் முகவரிகூட எங்கிட்ட இல்ல" என்று போனில் சொன்னார். அந்த வாக்கியம்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

தமிழில் வாடிக்கையாளர் என்கிறோம். வாடிக்கை என்றால் வழக்கம். ஒருமுறை வந்துபோனவர் அல்ல, வருவதைப் பழக்கமாக்கிக்கொண்டவர்தான் வாடிக்கையாளர். பின்தொடர்பவர் என்ற சொல்லுக்கு அந்தக் கனம் இல்லை. அவருக்கும் நமக்கும் நடுவில் ஒரு கம்பெனி உட்கார்ந்திருக்கிறது. நாம் போட்டதை அவர் கண்ணில் காட்டுவதா வேண்டாமா என்பதை அது முடிவு செய்கிறது. காட்ட வேண்டுமென்றால் காசு கட்டச் சொல்கிறது. கடைக்காரர்கள் அங்கே போகக் கூடாது என்று சொல்லவில்லை. புது ஆட்கள் அங்கேதான் கிடைப்பார்கள். கிடைத்தவரை நம் நோட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்கிறேன்.

ஒரு கடைக்கு எத்தனை பெயர்?

நோட்டுக்கு முன்னால் பெயரைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. மதினியின் கடைப் பலகையில் தாத்தா பெயரில் ஸ்டோர்ஸ். பில் புத்தகத்தில் மெட்டல்ஸ். பணம் அனுப்பும் கியூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்தால் அண்ணன் பெயர். சமூக ஊடகத்தில் யாரோ வைத்துக்கொடுத்த ஓர் ஆங்கிலப் பெயர். பெங்களூரில் ஒருவர் தன் சிநேகிதியிடம் இந்தக் கடையைச் சொல்ல நினைத்தால் எதைச் சொல்வார்? நான்கையும் ஒன்றாக்கினோம். பலகையில் இருந்த பெயரே நின்றது. கூகுள் மேப்பிலும் அதையே ஏற்றினோம். இதில் புது பில் புத்தகம் அடித்ததைத் தவிர வேறு செலவில்லை. பிராண்டிங்கில் இதைவிடப் பெரிய காரியம் ஒரு சிறு கடைக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே சாயங்காலம் மட்டும் திறக்கும் அல்வாக் கடைக்குப் பெயர்ப் பலகையே கிடையாது. மங்கலான வெளிச்சத்தில் விற்றதால் வாங்கியவர்களே இருட்டுக்கடை என்று பெயர் வைத்தார்கள். எத்தனையோ ஆண்டுகளாக அந்தப் பெயரும் மாறவில்லை, கடை திறக்கும் நேரமும் மாறவில்லை. அமிர்தாஞ்சனத்தை 1893-ல் பம்பாயில் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ், சங்கீதக் கச்சேரிகளுக்கு வந்தவர்களுக்கு அதை இலவசமாகக் கொடுத்துப் பெயரைப் பரப்பினார். மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்குத் தலைவலித் தைலம். எங்கே, யாரிடம், எப்போது என்று அவர் யோசித்த யோசனைதான் அங்கே முதலீடு.

எங்கள் பக்கத்து ஊர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஊர்ப் பெயரே பெரிய பிராண்டு. கோவில்பட்டி கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, மணப்பாறை முறுக்கு மூன்றுக்கும் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் வரிசையாகப் பால்கோவாக் கடைகள். எல்லாப் பலகையிலும் ஊர்ப் பெயர் பெரிய எழுத்தில், கடைப் பெயர் சின்ன எழுத்தில். புவிசார் குறியீடு ஊருக்குச் சொந்தம். தகுதியுள்ள உற்பத்தியாளர் அதைப் பயன்படுத்தத் தன் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். அதற்கான விண்ணப்பக் கட்டணத்தை 2020-ல் 500 ரூபாயில் இருந்து 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். ஆனால் சாப்பிட்டுப் பிடித்துப்போனவர் மறுபடி அதே கடையைத் தேடி வர வேண்டுமென்றால் ஊர்ப் பெயர் மட்டும் போதாது.

அங்கேதான் டிரேட்மார்க் வருகிறது. பலரும் நினைப்பதுபோல் அது பெரிய கம்பெனி சமாசாரம் அல்ல. தனிநபரும் சிறு நிறுவனமும் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். பெரிய நிறுவனங்களுக்கு 9,000. பொருள்களையும் சேவைகளையும் மொத்தம் 45 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். மிட்டாயும் காப்பித்தூளும் மசாலாவும் 30-ஆம் வகை. சமையலறைப் பாத்திரம் 21-ஆம் வகை. விண்ணப்பம் டிரேட்மார்க் இதழில் வெளியான நான்கு மாதத்துக்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் பதிவுக்கு வழி திறக்கும். பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். விண்ணப்பித்த அன்றிலிருந்தே டி.எம். என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவு முடிந்தபிறகுதான். அதற்கு முன் போட்டால் குற்றம். சுத்தமான நெய் ஸ்வீட்ஸ் என்பதுபோல் பொருளின் குணத்தை மட்டும் சொல்லும் பெயருக்குப் பொதுவாகப் பதிவு கிடைக்காது. பெயர் வைக்கும்போதே இதை யோசிப்பது நல்லது.

லோகோவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சிறு கடைக்கு நல்ல எழுத்தில் எழுதிய தன் பெயரே லோகோ. கூகுள் எழுத்துரு நூலகத்தில் தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, வியாபாரத்துக்கும் தடையின்றிப் பயன்படுத்தலாம். பிரியா ரவிச்சந்திரன் உருவாக்கிய கேட்டமரான் இருக்கிறது. நம் கட்டுமரம்தான் அந்தப் பெயர். இலங்கையின் தாரிக் அஸீஸ் உருவாக்கிய பவனமும் கவிவாணரும் இருக்கின்றன. பலூ தம்பி, முக்தா மலர் என்று இன்னும் உண்டு. கவிவாணரில் பேனா பிடித்த கையின் சாய்வு தெரியும். பலூ தம்பி மிட்டாய்க் கடைக்குப் பொருந்தும் உருண்டை எழுத்து. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஒரு நிறத்தோடு, பலகை முதல் பார்சல் டேப் வரை அதையே வைத்துக்கொள்ள வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் எதுவும் மனதில் நிற்காது.

டி.டி.பி. சென்டரில் வடிவமைத்தால், காசு கொடுக்கும்போதே மூல வடிவமான சி.டி.ஆர். ஃபைலையும் பி.டி.எஃப். ஃபைலையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஃப்ளெக்ஸ் கடையில் முதலில் கேட்பது "சி.டி.ஆர். இருக்கா?" என்பதைத்தான். இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான படத்தைப் பார்த்து அவர்கள் புதிதாக வரைவார்கள், ஒவ்வொரு முறையும் எழுத்து வேறாகிவிடும். மதினி கூடுதலாக ஒன்று செய்தார். அச்சடித்த அட்டைப்பெட்டிக்குக் குறைந்தபட்ச ஆர்டர் அதிகம் என்பதால், சாதாரணப் பழுப்பு அட்டைப்பெட்டியில் பெரிய ரப்பர் ஸ்டாம்ப் ஒன்றைச் செய்து குத்தி அனுப்பினார். பாத்திரத்தின் தூரில் ஒரு சின்ன முத்திரை. பாத்திரத்தைத் தேய்க்கக் கவிழ்க்கும்போதெல்லாம் அந்தப் பெயர் தெரியும். காலண்டர் செய்த வேலையை இப்போது குடமே செய்கிறது.

ஈமெயிலை யார் படிக்கிறார்கள்?

வாட்ஸ்அப் இருக்கும்போது ஈமெயிலா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். டீக்கடைக்கும் இட்லிக் கடைக்கும் தெருமுனை மளிகைக்கும் ஈமெயில் தேவையே இல்லை. அவர்களுடைய வாடிக்கையாளர் தினமும் நேரில் வருகிறார். உள்ளூரில் மட்டும் விற்கும் கடைக்கு வாட்ஸ்அப் போதும். ஆனால் அதன் சாதாரணச் செயலியில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான். அதுவும் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். அனுப்பியது மறுநாளே குட்மார்னிங் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும்.

ஈமெயில் பொருந்துவது வேறு ஆட்களுக்கு. வெளியூருக்கு, வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். கைத்தறி, பாத்திரம், மரச்செக்கு எண்ணெய், மிட்டாய், புத்தகம், விதை விற்பவர்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டும் வாங்கும் வாடிக்கையாளர்களைக் கொண்டவர்கள். பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் சப்ளை செய்பவர்கள். சென்னை ஐ.டி. ஊழியருக்கும் சிங்கப்பூரில் இருக்கும் குடும்பத்துக்கும் காலையில் ஈமெயில் திறப்பது நம் வீட்டில் தேதி கிழிப்பதுபோல. இன்றைக்குப் படிக்காவிட்டாலும் பொங்கலுக்கு முன் "பித்தளைப் பானை" என்று தேடினால் அந்தக் கடிதம் மேலே வந்து நிற்கும். முக்கியமாக, முகவரிப் பட்டியல் நம் கையில் இருக்கும். அனுப்பும் சேவை பிடிக்கவில்லையென்றால் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வேறு சேவைக்குப் போய்விடலாம்.

பட்டியலைச் சேர்ப்பதில்தான் பொறுமை வேண்டும். லட்சம் முகவரி சில நூறு ரூபாய்க்குத் தருகிறோம் என்று வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். கேட்காதவர்களுக்கு மொத்தமாக ஈமெயில் அனுப்பும் வழக்கத்தை 1978 மே மாதம் அமெரிக்காவில் கேரி துர்க் என்ற கம்ப்யூட்டர் விற்பனையாளர் தொடங்கிவைத்தார். ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரம். அன்றைக்கே கோபத்தோடு புகார்கள் கிளம்பின. அந்தக் கோபம் இன்னும் குறையவில்லை. வடிகட்டும் இயந்திரங்கள்தான் கூடியிருக்கின்றன. நம் நாட்டில் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் மனமுவந்து, எதற்கென்று தெரிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்ததுபோலவே சுலபமாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதுதான் மரியாதை.

மதினி பழைய கூரியர் ரசீதுகளை எடுத்துவைத்தார். 212 பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு செய்தி: மாதம் ஒரு கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன், பாத்திரங்களைப் பராமரிப்பது பற்றி. உங்களுக்கு அனுப்பட்டுமா? 87 பேர் தங்கள் ஈமெயில் முகவரியைக் கொடுத்தார்கள். பதினோராயிரம் எங்கே, 87 எங்கே என்று அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த 87 பேரும் கேட்டு வாங்கிக்கொண்டவர்கள். இப்போது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் மறுபடி ஒரு நோட்டு இருக்கிறது. பில் போடும்போது மதினி கேட்பார், விருப்பமுள்ளவர்கள் தங்கள் கையாலேயே எழுதுவார்கள். பெட்டியோடு போகும் சின்னச் சீட்டிலும் அதே கேள்வி உண்டு.

தபால்காரர் கேட்கும் அடையாளம்

இனி கொஞ்சம் தொழில்நுட்பம். இதைத் தாண்டிப் போனால் எழுதும் கடிதம் ஸ்பேம் பெட்டியில்தான் விழும்.

சாதாரண ஜிமெயில் கணக்கில் இருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. எல்லாரையும் 'டு' என்ற இடத்தில் போட்டு ஒருவர் முகவரியை எல்லாருக்கும் காட்டிவிடும் தவறும் அடிக்கடி நடக்கிறது. மொத்தமாக அனுப்புவதற்கென்றே இருக்கும் சேவைகளைப் பயன்படுத்துவதே சரி. அமெரிக்காவின் மெயில்சிம்ப் 2001-ல் தொடங்கியது. சிறு கடைகளை நம்பியே வளர்ந்து, 2021-ல் சுமார் 1,200 கோடி டாலருக்குக் கைமாறியது. நம் ஜோஹோவிடம் கேம்பெயின்ஸ் என்ற சேவை இருக்கிறது. பிரான்சின் பிரெவோவில் இலவசமாக நாளொன்றுக்கு 300 ஈமெயில் அனுப்பலாம். எந்த இலவசத்தையும் நிரந்தரம் என்று எண்ண வேண்டாம். மெயில்சிம்ப்பின் இலவச அளவு முன்பு இருந்ததைவிட இப்போது வெகுவாகச் சுருங்கிவிட்டது. மாதம் ஒருமுறை பட்டியலை சி.எஸ்.வி. ஃபைலாக இறக்கிப் பத்திரப்படுத்துங்கள். நோட்டு நம்முடையது என்பதற்கு அதுதான் பத்திரம்.

2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் விதிகளை இறுக்கின. அனுப்புகிறவர் தன் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும். அதற்கு மூன்று பதிவுகள். எஸ்.பி.எஃப். என்பது, என் பெயரில் கடிதம் போட இன்னின்னாருக்கு அனுமதி என்று ஊருக்குச் சொல்லிவைக்கும் பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது உறையின் மேல் வைக்கும் அரக்கு முத்திரை. வழியில் யாரும் உள்ளே இருப்பதை மாற்றினால் தெரிந்துவிடும். டிமார்க் என்பது, இவை இரண்டும் ஒத்துவராத கடிதம் என் பெயரில் வந்தால் என்ன செய்வது என்று தபால்காரருக்குக் கொடுத்துவைக்கும் உத்தரவு. ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புபவர்களுக்கு மூன்றும் கட்டாயம். சிறியவர்களும் முதல் இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். மூன்றையும் செய்துவிடுங்கள். சேவை தரும் வரிகளை டொமைன் வாங்கிய இடத்தில் ஒட்டினால் முடிந்தது, அரைநாள் வேலை.

இதற்குச் சொந்த டொமைன் தேவை. ஜிமெயில் முகவரியை அனுப்புநராக வைத்து இன்னொரு சேவையின் வழியே அனுப்பினால் அது ஆள்மாறாட்டம் போலத் தெரியும். டாட் இன் முகவரி பொதுவாக ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடுகிறது. கடைப் பெயரே டொமைன். அதுவும் பலகை எழுதுவது போலத்தான்.

ஆயிரம் கடிதத்தில் மூன்று பேர் ஸ்பேம் என்று அழுத்தினாலே கூகுள் உங்களைச் சந்தேகிக்கத் தொடங்கும். அதனால், கடிதம் வருவதை நிறுத்திக்கொள்ள விரும்புகிறவருக்கு அதற்கான பொத்தானைக் கடிதத்தின் மேலேயே வைத்துவிடுவது நல்லது. எத்தனை பேர் திறந்தார்கள் என்று சேவை காட்டும் எண்ணை அதிகம் நம்ப வேண்டாம். 2021-ல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதியால், திறக்காத கடிதமும் திறந்ததுபோல் கணக்கில் வருகிறது. பதில்களை எண்ணுங்கள். கடிதத்தைச் சொல்லி ஆர்டர் கொடுத்தவர்களை எண்ணுங்கள்.

என்ன எழுதுவது?

பண்டிகைக்குப் பண்டிகை பெரிய விளக்குப் படம், நடுவில் வாழ்த்து, கீழே 20 சதவீதத் தள்ளுபடி. பல கடைகளின் மின்மடல் இவ்வளவுதான். முழுக் கடிதமும் ஒரே படம். படம் திறக்காவிட்டால் வெற்றுக் கட்டம்தான் தெரியும், பிறகு தேடினாலும் கிடைக்காது. யூனிகோட் தமிழில் நேராகத் தட்டச்சு செய்த கடிதம் எல்லாப் போனிலும் அழகாகத் தெரிகிறது. அப்படியிருக்கும்போது எழுத்தைப் படமாக்குவானேன்?

மதினிக்கு எழுத வராது என்று பயம். வாடிக்கையாளர் போனில் கேட்பதற்குச் சொல்லும் பதிலையே எழுதுங்கள் என்றேன். சொல்லிக்கொண்டே போனார், நான் தட்டச்சு செய்தேன். முதல் கடிதம் இது. தலைப்பு: ஈயச் சொம்பை அடுப்பில் வைக்கும் முன்.

"வணக்கம். போன மாதம் ஈயச் சொம்பு வாங்கிய மூன்று பேர் போன் செய்தார்கள். அடி உருகிவிட்டதாம். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. விற்கும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். ஈயம் 232 டிகிரியில் உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் அடி போய்விடும். உள்ளே புளித்தண்ணீர் இருக்கும்வரை அந்தச் சூடு ஏறாது. அதனால் முதலில் தண்ணீர், அப்புறம் அடுப்பு. தீ பக்கவாட்டில் ஏறக் கூடாது. ரசம் நுரைத்து வந்ததும் இறக்கிவிடுங்கள். தாளிப்பைக் கரண்டியில் செய்து கொட்டுங்கள். இன்னொன்று. சமைப்பதற்கு வெள்ளீயம்தான். காரீயம் விஷம். எந்தக் கடையில் வாங்கினாலும் சுத்த வெள்ளீயமா என்று கேளுங்கள், எங்களிடமும் கேளுங்கள். உங்கள் வீட்டில் பழைய சொம்போ குடமோ இருந்தால் ஒரு போட்டோ எடுத்து இந்தக் கடிதத்துக்கே பதிலாக அனுப்புங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது."

விலை இல்லை, சலுகை இல்லை. மேலே நிறுத்திக்கொள்ளும் வழி, அடியில் கடைப் பெயர், போன் எண். மாதம் ஒன்று, முதல் வெள்ளிக்கிழமை காலை. அடுத்த மாதங்களுக்கு விஷயம் வரிசையாக நிற்கிறது: புளியும் உப்பும் போட்டுப் பித்தளை விளக்குவது, ஈயம் பூசாத பித்தளையில் ஏன் புளிக்குழம்பு வைக்கக் கூடாது, நவச்சாரம் தூவி ஈயம் பூசுகிறவரின் ஒரு நாள், இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குவது. பொங்கலுக்கு முந்தைய கடிதத்தில் மட்டும் பானைகளின் அளவும் விலையும் இருக்கும். அது விளம்பரம் ஆகாது, அந்த மாதத்துக்கு வேண்டிய செய்தி.

விற்பனை ஏறியதா என்று கேட்டால், முதல் கடிதத்தால் இரண்டு சொம்பு, ஒரு தோசைக்கல். மூன்றாம் மாதம் ஒருவர் மகள் கல்யாணத்துக்கென்று மொத்தச் சீரும் கேட்டு எழுதினார். இவ்வளவுதான் கணக்கு. இதைப் பெரிதாக்கிச் சொன்னால் நாளைக்கு ஒருவர் நம்பி இறங்கி, இரண்டு மாதத்தில் சலித்து விட்டுவிடுவார். ஒரு வருடம் எழுத முடியாதவர் தொடங்காமல் இருப்பது நல்லது.

ஆனால் பதில்கள் வந்தன. முதல் கடிதத்துக்கே ஒன்பது. பாட்டியின் அடுக்குப் பானை, உடைந்த காதோடு ஓர் உருளி, பூஜை அறையில் இருக்கும் சொம்பு என்று போட்டோக்கள். அவற்றில் ஒன்று புனேயில் இருந்து வந்தது. ஒரு பித்தளைக் குடத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர், பாதி தேய்ந்திருந்தது. அம்மா கல்யாணத்துக்கு மாமா கொடுத்தது, உங்கள் கடையில்தான் வாங்கியதாக அம்மா சொல்வார், அம்மா இப்போது இல்லை, தேதியைப் படிக்க முடியவில்லை, உங்களிடம் ஏதாவது குறிப்பு இருக்குமா என்று கேட்டிருந்தார்.

மதினி பரணில் இருந்து நோட்டுகளை இறக்கினார். இரண்டு நாள் ஆனது. எண்பத்தேழாம் வருட நோட்டில், அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் இருந்தது: 1987, வைகாசி, பித்தளைக் குடம் ஒன்று, கழுத்தில் பேர், இனிஷியலோடு, வாங்கியவர் பார்த்துச் சரி சொன்னார். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, அந்தக் கடிதத்துக்கே பதிலாக அனுப்பினோம்.